பூட்டி வைத்த பேக்கப்பிலிருந்து கணினியை மீட்பது

"பேக்கப் எடுத்து வைத்திருக்கிறேன், கடவுச்சொல் போட்டுப் பூட்டியும் வைத்திருக்கிறேன். ஆனால் அதைத் திரும்பக் கணினியில் எப்படிப் போடுவது என்று ஒருநாளும் செய்து பார்த்ததில்லை." கணினியைக் கவனமாக வைத்திருப்பவர்களிடம்கூட இந்தப் பேச்சை அடிக்கடி கேட்கிறேன். பேக்கப் எடுக்கும் வேலையை மென்பொருள் தானாகவே பார்த்துக்கொள்கிறது. வாரம் ஒருமுறை ஓடி, முடிந்தது என்று பச்சைக் குறி காட்டிவிட்டுப் போய்விடுகிறது. மீட்கும் வேலையோ வட்டு செத்துப்போன நாளில்தான் வந்து நிற்கிறது. அன்றைய பதற்றத்தில் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்வது கடினம். கணினி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நாளில் இதைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கட்டுரை முழுக்க நான் திரும்பத் திரும்ப வந்து நிற்கப்போகும் இடத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீட்பதற்கு மூன்று பொருள்கள் வேண்டும்: இமேஜ் கோப்பு (கணினி முழுவதையும் அச்செடுத்து வைத்த பேக்கப்), கணினியைத் தொடங்கி வைக்கும் மீட்பு பென்டிரைவ், கடவுச்சொல். மூன்றுமே அந்தக் கணினிக்கு வெளியே இருக்க வேண்டும். பென்டிரைவ் தொலைந்தால் வேறொரு கணினியில் இன்னொன்று செய்துகொள்ளலாம். கடவுச்சொல் தொலைந்தால் அப்படி எதுவும் செய்ய முடியாது. மூன்றிலும் நாம் மிகக் குறைவாகக் கவனிப்பதும் அதைத்தான்.

இங்கே நான் சொல்வது பெரும்பாலும் விண்டோஸ் கணினிகளைப் பற்றியது. மேக்கில் வழிமுறை வேறு. ஆனால் கடவுச்சொல் பற்றிய பகுதி எல்லோருக்கும் பொருந்தும்.

சிஸ்டம் இமேஜ் என்பது என்ன

படங்களையும் ஆவணங்களையும் வேறொரு ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்து வைப்பது ஒரு வகை பேக்கப். வீட்டுச் சாமான்களை மட்டும் எடுத்து வைப்பது போல. வீடு இடிந்தால் சாமான் கையில் இருக்கும், ஆனால் வீட்டைப் புதிதாகக் கட்ட வேண்டும். அதாவது விண்டோஸை மறுபடி நிறுவ வேண்டும், ஒவ்வொரு மென்பொருளையும் தேடிப் போட வேண்டும், அச்சுப்பொறி முதல் எழுத்துருக்கள் வரை எல்லா அமைப்புகளையும் திரும்பச் செய்ய வேண்டும். எனக்கு ஒருமுறை இந்த வேலை முழுசாக இரண்டு நாள் எடுத்தது.

சிஸ்டம் இமேஜ் என்பது வீட்டையே அஸ்திவாரம், மின்கம்பி, கதவு, சாமான் எல்லாவற்றோடும் அச்செடுத்து வைப்பது. கோப்புகளை ஒவ்வொன்றாகப் பார்க்காமல், வட்டில் எழுதப்பட்டிருக்கும் பகுதிகளை அப்படியே வரிசையாகப் படித்து ஒரு பெரிய கோப்பாக ஆக்குகிறது. இதனால்தான் மீட்டெடுத்த கணினியில் திரையின் பின்னணிப் படம்கூட அன்றைக்கு இருந்த மாதிரியே இருக்கிறது.

நம் கண்ணுக்கு சி டிரைவ் ஒன்றுதான் தெரியும். ஆனால் இன்றைய விண்டோஸ் வட்டில் அதோடு சில சின்னப் பகுதிகளும் இருக்கும். கணினியைத் தொடங்கி வைக்கும் நிரல்கள் உள்ள இஎஃப்ஐ பகுதி, வழக்கமாக 100 எம்பி அளவில் இருக்கும். மைக்ரோசாஃப்ட் ஒதுக்கி வைத்திருக்கும் 16 எம்பி பகுதி ஒன்று. பழுது பார்க்கும் கருவிகள் கொண்ட மீட்புப் பகுதி இன்னொன்று. சி டிரைவை மட்டும் இமேஜ் எடுத்து இவற்றை விட்டுவிட்டால், புது வட்டில் தரவு எல்லாம் வந்து சேர்ந்த பிறகும் கணினி தொடங்காது. இமேஜ் எடுக்கும்போது முழு வட்டையும் தேர்ந்தெடுங்கள். சின்னப் பகுதிகள் சேர்ந்தால் இமேஜின் அளவு பெரிதாகக் கூடப்போவதில்லை.

ஓடிக்கொண்டிருக்கும் கணினியை எப்படி அச்செடுக்க முடிகிறது என்று சிலருக்குச் சந்தேகம் வரும். விண்டோஸில் இதற்கென்றே ஒரு சேவை இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட நொடியில் வட்டு இருந்த நிலையை அது உறையவைத்துக் கொடுக்கும். நீங்கள் தொடர்ந்து தட்டச்சு செய்துகொண்டிருந்தாலும் மென்பொருள் அந்த உறைந்த நிலையைத்தான் படிக்கும். காலி இடத்தையும், நினைவகத்தைச் சேமித்து வைக்கும் பெரிய தற்காலிகக் கோப்புகளையும் பெரும்பாலான மென்பொருள்கள் விட்டுவிடும். மீதியைச் சுருக்கி எழுதும். அதனால் 500 ஜிபி வட்டில் 120 ஜிபி நிரம்பியிருந்தால் இமேஜ் 120 ஜிபிக்கும் குறைவாகவே வரும்.

மேக்ரியம் ரிஃப்ளெக்ட், ஆக்ரோனிஸ் ட்ரூ இமேஜ், வீம் ஏஜென்ட், இலவசமாகக் கிடைக்கும் க்ளோன்ஸில்லா எல்லாம் இந்த வேலைக்கானவை. விண்டோஸுக்குள்ளேயே இமேஜ் எடுக்கும் பழைய கருவி ஒன்று உண்டு. 2017இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து அதை மைக்ரோசாஃப்ட் கைவிடும் பட்டியலில் வைத்துவிட்டது. இமேஜுக்குக் கடவுச்சொல் போடும் வசதியும் அதில் இல்லை. ஒன்றில் எடுத்த இமேஜை மற்றொன்றில் திறக்க முடியும் என்று எண்ணாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் தனிக் கோப்பு வடிவம்.

கடவுச்சொல் உள்ளே என்ன செய்கிறது

இமேஜில் உங்கள் கணினி முழுவதும் இருக்கிறது. சேமித்து வைத்த கடவுச்சொற்கள், வங்கி ஆவணங்கள், குடும்பப் படங்கள் எல்லாம் அதற்குள் உண்டு. பூட்டாத இமேஜ் உள்ள ஹார்ட் டிஸ்க் யார் கையில் கிடைத்தாலும், அவர் அதை வேறொரு கணினியில் செருகி நிதானமாகப் படித்துவிடலாம். அதற்கு விண்டோஸ் உள்நுழைவுக் கடவுச்சொல் எந்தத் தடையும் ஆகாது. அதனால் இமேஜைப் பூட்டுவது தேவையானதுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் பூட்டு இரண்டு விதம். சில மென்பொருள்களில் கடவுச்சொல் வெறும் வாசற்காவல்தான். மென்பொருள் கேட்கும், சரியாகச் சொன்னால் திறக்கும், உள்ளே தரவு சாதாரணமாகவே கிடக்கும். காவலைச் சுற்றிப் போகத் தெரிந்தவர் உள்ளே நுழைந்துவிடுவார். இரண்டாவது விதம் குறியாக்கம். இதில் தரவே உருமாறிப் போகிறது. சாவி இல்லாமல் பார்த்தால் ஒழுங்கற்ற எண்களின் குவியல் மட்டுமே தெரியும். அமைப்புத் திரையில் கடவுச்சொல் பெட்டிக்குப் பக்கத்தில் ஏஇஎஸ் 128, 192, 256 என்று ஏதாவது தேர்ந்தெடுக்கச் சொன்னால் அது இரண்டாவது விதம். அதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஏஇஎஸ் என்பது ஜோன் டேமன், வின்சென்ட் ரைமன் என்ற இரண்டு பெல்ஜியர்கள் வடிவமைத்த முறை. அமெரிக்கத் தர நிறுவனம் பல ஆண்டுகள் நடத்திய போட்டியில் தேர்வாகி, 2001இல் தரமாக அறிவிக்கப்பட்டது. 128, 256 என்ற எண்கள் சாவியின் நீளத்தைக் குறிக்கின்றன. 128 பிட் சாவியில் வரக்கூடிய வெவ்வேறு சாவிகளின் எண்ணிக்கையை எழுதினால் அது 39 இலக்கம் கொண்ட எண்ணாக இருக்கும். அதையே ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து முடிக்க முடியாது. அதனால் 128ஆ 256ஆ என்று மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை.

நீங்கள் தட்டச்சு செய்யும் கடவுச்சொல் நேரடியாகச் சாவி ஆவதில்லை. அதோடு தற்செயலாக உருவாக்கிய ஒரு சிறு எண்ணைச் சேர்த்து, ஒரு கணக்கில் ஆயிரக்கணக்கான முறை திரும்பத் திரும்ப அரைத்து, அதிலிருந்து சாவியை எடுக்கிறார்கள். இப்படி அரைப்பது ஒரு காரணத்துக்காகத்தான். சரியான கடவுச்சொல் தெரிந்த உங்களுக்கு ஒரு கண் சிமிட்டும் நேரம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான். கோடிக்கணக்கான சொற்களை ஊகித்துப் பார்ப்பவனுக்கோ ஒவ்வொரு ஊகத்துக்கும் அதே நேரம் ஆகும். இருந்தாலும் கடவுச்சொல் பிறந்த தேதியாகவோ பெயரோடு சேர்ந்த 123ஆகவோ இருந்தால் வெகு சீக்கிரமே ஊகத்தில் விழுந்துவிடும். பூட்டு எவ்வளவு கனமாக இருந்தாலும் சாவி மெலிதாக இருந்தால் பயனில்லை.

உங்கள் கடவுச்சொல் இமேஜுக்குள் எங்கேயும் எழுதப்படுவதில்லை. மென்பொருளை விற்ற நிறுவனத்திடமும் அது கிடையாது. "கடவுச்சொல் மறந்துவிட்டதா?" என்று மின்னஞ்சல் அனுப்பி மாற்றிக்கொள்வதெல்லாம் இணையக் கணக்குகளில் நடக்கும். அங்கே தரவு அவர்களிடம் இருக்கிறது, உங்களை உள்ளே விடலாமா என்பதை மட்டும் அவர்கள் முடிவு செய்கிறார்கள். இங்கே முடிவு செய்ய யாரும் இல்லை. சரியான சாவி வந்தால் கணக்கு ஒத்துவரும், இல்லாவிட்டால் வராது.

நுனிக்கிளையில் உட்கார்ந்து அடிமரத்தை வெட்ட முடியாது

விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது அது உட்கார்ந்திருக்கும் வட்டையே அழித்து எழுத முடியாது. அதற்குத்தான் மீட்பு பென்டிரைவ். அதில் சின்னதாக ஒரு விண்டோஸோ லினக்ஸோ இருக்கும். கணினி அதிலிருந்து தொடங்கி, பெரும்பாலும் நினைவகத்திலேயே ஓடும். உள்ளே இருக்கும் வட்டைத் தொடாமல் ஒதுங்கி நிற்கும். அப்போதுதான் அந்த வட்டை முழுசாகத் துடைத்துவிட்டு இமேஜை எழுத முடியும்.

எல்லா இமேஜ் மென்பொருளிலும் இந்தப் பென்டிரைவைச் செய்துகொள்ளும் வசதி உண்டு. மென்பொருளை நிறுவிய அன்றே செய்துவிடுங்கள். மென்பொருள் பெரிய பதிப்புக்கு மாறும்போது பென்டிரைவையும் புதிதாகச் செய்ய வேண்டும். பழைய பென்டிரைவில் இருக்கும் பழைய பதிப்புக்குப் புதிய இமேஜ் வடிவம் புரியாமல் போகலாம்.

பென்டிரைவிலிருந்து கணினியைத் தொடங்க, மின் விசையை அழுத்திய உடனே ஒரு விசையை விட்டுவிட்டுத் தட்ட வேண்டும். சில கணினிகளில் எஃப்12, சிலவற்றில் எஃப்9, எஸ்கேப், எஃப்11 என்று தயாரிப்பாளருக்குத் தகுந்தபடி மாறும். எதிலிருந்து தொடங்கலாம் என்ற பட்டியல் வரும். ஒரே பென்டிரைவ் அதில் இரண்டு முறை தெரிந்தால், யுஇஎஃப்ஐ (இன்றைய கணினிகள் தொடங்கும் முறை) என்ற முன்னொட்டு உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். கடந்த பத்தாண்டுக்குள் வந்த கணினி என்றால் அநேகமாக அதுதான் சரி.

இங்கே பலரைத் திடுக்கிட வைக்கும் ஒன்று நடக்கும். மீட்புத் திரை வரும், ஆனால் உள்ளே இருக்கும் எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத புதுவகை வட்டு) பட்டியலிலேயே இருக்காது. வட்டு செத்துவிட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இன்டெல் கணினிகள் பலவற்றில் எஸ்எஸ்டி ஒரு தனிக் கட்டுப்படுத்தியின் வழியாகத்தான் இணைகிறது. அதற்கான டிரைவர் (ஒரு வன்பொருளை இயக்கத் தேவையான சின்ன நிரல்) பென்டிரைவில் இல்லாவிட்டால் வட்டு கண்ணுக்குத் தெரியாது. பென்டிரைவைச் செய்த பிறகு ஒருமுறை அதிலிருந்து கணினியைத் தொடங்கிப் பாருங்கள். உள் வட்டு தெரிகிறதா, இமேஜ் இருக்கும் வெளி வட்டு தெரிகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடலாம். ஐந்து நிமிட வேலை. தெரியவில்லை என்றால் டிரைவரைச் சேர்த்து மறுபடி செய்துகொள்ள உங்களிடம் அப்போது ஓடும் கணினி இருக்கும்.

இன்னொரு சின்ன விஷயம். பென்டிரைவிலிருந்து தொடங்கிய இந்த மீட்புச் சூழலில் டிரைவ் எழுத்துகள் மாறிக் கிடக்கும். உங்கள் சி டிரைவ் அங்கே டி ஆகவோ இ ஆகவோ தெரியலாம். எழுத்தை நம்பாமல் வட்டின் அளவையும் பெயரையும் பார்த்து அடையாளம் காணுங்கள்.

கடவுச்சொல் சரிதான், ஆனால் திறக்கவில்லை

இமேஜைத் தேர்ந்தெடுத்ததும் கடவுச்சொல் கேட்கும். மிகச் சரியாக நினைவிருக்கும் கடவுச்சொல்லைக் கொடுப்பீர்கள். தவறு என்று வரும். மறுபடி கொடுப்பீர்கள், மறுபடி தவறு. நண்பர் ஒருவருக்கு இது நடந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். மூன்றாவது முறைக்குப் பிறகு அவர் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. இமேஜ் கெட்டுப்போய்விட்டது என்றே நம்பிவிட்டார். காரணம் விசைப்பலகை.

மீட்புச் சூழல் பெரும்பாலும் அமெரிக்க ஆங்கில விசைப்பலகை என்று எண்ணிக்கொண்டுதான் தொடங்கும். அவர் கணினியில் இருந்தது பிரிட்டிஷ் விசைப்பலகை. அதில் ஷிஃப்டோடு 2ஐ அழுத்தினால் இரட்டை மேற்கோள் குறி வரும். அமெரிக்க அமைப்பில் அதே விசை மின்னஞ்சலில் வரும் அட் குறியைத் தரும். விசையில் அச்சடித்திருக்கும் குறியைப் பார்த்து அவர் சரியாகத்தான் அழுத்தினார். கணினி வேறொன்றாக எடுத்துக்கொண்டது. பெட்டியில் வெறும் புள்ளிகள் தெரிவதால் அது கண்ணில் படவில்லை. ஜெர்மன் விசைப்பலகையில் ஒய், இசட் எழுத்துகள் இடம் மாறியிருக்கும். பிரெஞ்சில் ஏ, கியூ இடம் மாறியிருக்கும். அங்கெல்லாம் குறியே இல்லாத கடவுச்சொல்லும் தவறிப்போகும்.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. கடவுச்சொல் பெட்டிக்குப் பக்கத்தில் எழுத்துகளைக் காட்டும் கண் அடையாளம் இருந்தால் அதை அழுத்துங்கள். இல்லையென்றால் மீட்புத் திரையில் எழுத்துகள் வெளிப்படையாகத் தெரியும் வேறொரு பெட்டியைத் திறந்து, கடவுச்சொல்லை அங்கே தட்டச்சு செய்து பாருங்கள். கோப்புப் பெயர் கேட்கும் இடமோ கட்டளைச் சாளரமோ எதுவானாலும் சரி. எந்த எழுத்து மாறுகிறது என்று உடனே தெரிந்துவிடும். பார்த்த பிறகு அழித்துவிடுங்கள். கூடவே கேப்ஸ் லாக்கையும் பாருங்கள். வலப்பக்க எண் விசைகள் மீட்புச் சூழலில் அணைந்திருப்பது வழக்கம், எண்களை மேல் வரிசையிலிருந்து கொடுங்கள்.

இதனால்தான் இமேஜுக்கான கடவுச்சொல்லில் சிறப்புக் குறிகள் வேண்டாம் என்கிறேன். வலிமை வேண்டுமென்றால் நீளத்தில் தேடுங்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஐந்தாறு சொற்களை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் அடுத்தடுத்து எழுதினால், குறிகள் நிறைந்த எட்டெழுத்துச் சொல்லைவிட அது வலிமையானது. தட்டச்சு செய்வதும் எளிது. சொற்களை நீங்களே யோசித்து எடுக்காமல், ஏதாவது ஒரு புத்தகத்தைக் கண்ட இடத்தில் திறந்து எடுத்தால் இன்னும் நல்லது. தமிழ் எழுத்துகளில் கடவுச்சொல் வைக்க எனக்கும் ஆசைதான். ஆனால் மீட்புச் சூழலில் தமிழ் தட்டச்சு இருக்காது. தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதலாம். அப்படி எழுதும்போது நெடில், ழகரம் இவற்றை எந்த எழுத்தால் குறித்தீர்கள் என்பதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து அது நினைவிருக்காது.

விசைப்பலகை சரி, ஆனாலும் திறக்கவில்லை என்றால் கடவுச்சொல்லை நடுவில் மாற்றினீர்களா என்று யோசியுங்கள். மென்பொருளில் கடவுச்சொல்லை மாற்றினால் அது அதற்குப் பிறகு எடுக்கும் இமேஜ்களுக்குத்தான் பொருந்தும். ஏற்கெனவே எடுத்தவை எந்தக் கடவுச்சொல்லால் பூட்டப்பட்டனவோ அதற்குத்தான் திறக்கும். பழைய கடவுச்சொல்லைத் தூக்கிப் போட்டவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

இன்னொரு குழப்பமும் சேரும். ஒரு கணினியோடு தொடர்புடைய ரகசியங்கள் மூன்று நான்கு இருக்கும். விண்டோஸில் நுழையும் கடவுச்சொல் ஒன்று, அதற்கான பின் எண் ஒன்று, பிட்லாக்கர் (வட்டைக் குறியாக்கம் செய்து பூட்டும் விண்டோஸ் வசதி) போட்டிருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவி ஒன்று, இமேஜின் கடவுச்சொல் ஒன்று. மீட்புச் சூழலில் பிட்லாக்கரால் பூட்டிய வட்டைத் திறக்க 48 இலக்க எண் கேட்டால், அங்கே இமேஜின் கடவுச்சொல்லைக் கொடுத்துப் பயனில்லை. திரையில் எந்தப் பொருளின் பெயர் இருக்கிறது என்று நிதானமாகப் படியுங்கள்.

எழுதும் நேரம்

இமேஜ் திறந்துவிட்டது. அடுத்து எந்த வட்டில் எழுதுவது என்று கேட்கும். முழு வேலையிலும் ஆபத்தான இடம் இது ஒன்றுதான். நீங்கள் காட்டும் வட்டில் இருப்பது எல்லாம் அழியும். இமேஜ் இருக்கும் வெளி வட்டு, மீட்பு பென்டிரைவ், புது எஸ்எஸ்டி மூன்றைத் தவிர மற்ற எல்லா யுஎஸ்பி வட்டுகளையும் முன்னாலேயே கழற்றிவிடுங்கள். பட்டியல் சின்னதாக இருந்தால் தவறும் குறையும்.

இமேஜில் இருக்கும் எல்லாப் பகுதிகளையும் சேர்த்து எழுதுங்கள். புது வட்டு பெரியதாக இருந்தால் கடைசியில் மிச்சம் இருக்கும் இடத்தைப் பிறகு சி டிரைவோடு சேர்த்துக்கொள்ளலாம். சின்னதாக இருந்தாலும், தரவு அதற்குள் அடங்கும் என்றால் பெரும்பாலான மென்பொருள்கள் பகுதிகளைச் சுருக்கி எழுதிவிடும்.

வாராவாரம் மாற்றங்களை மட்டும் சேர்த்து எடுக்கும் பழக்கம் இருந்தால், மீட்பதற்கு முதல் முழு இமேஜும் அதற்குப் பிந்திய ஒவ்வொரு துண்டும் வேண்டும். சங்கிலியில் நடுக்கண்ணி ஒன்று அறுந்தால் அதற்குப் பிறகு உள்ளவை பயன்படாது. இடத்தை மிச்சப்படுத்துகிறேன் என்று பழைய கோப்புகளைக் கையால் அழிப்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். அழிக்கும் வேலையை மென்பொருளிடமே விட்டுவிடுங்கள்.

நேரம் எவ்வளவு ஆகும்? வெளி ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 100 எம்பி வேகத்தில் படித்தால் 100 ஜிபிக்குச் சுமார் 17 நிமிடம். பழைய யுஎஸ்பி 2 துளையில் செருகியிருந்தால் அதுவே ஒரு மணி நேரத்தை நெருங்கும். மடிக்கணினி என்றால் கட்டாயம் மின்சாரத்தில் இணைத்து வையுங்கள். நடுவில் நின்றாலும் இமேஜுக்கு ஒன்றும் ஆகாது, அதை வெறுமனே படிக்கத்தான் செய்கிறோம். ஆனால் புது வட்டு அரைகுறையாக நிற்கும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பழைய கணினியே போய்விட்டது, இமேஜை வேறொரு கணினியில் போட வேண்டும் என்றால் வேலை கொஞ்சம் கூடும். புதிய வன்பொருளுக்கான டிரைவர்களை விண்டோஸுக்குள் சேர்க்கும் ஒரு படி சில மென்பொருள்களில் தனியாக இருக்கும். எழுதி முடித்ததும் அதை ஓட்ட வேண்டும். விண்டோஸ் உரிமமும் வன்பொருளோடு ஒட்டியதாக இருந்தால் மறுபடி செயல்படுத்தச் சொல்லும். கோப்புகள் மட்டும் போதும் என்றால் இந்தச் சிரமமே வேண்டாம். புதுக் கணினியில் அதே மென்பொருளை நிறுவி, இமேஜை ஒரு டிரைவ் போலத் திறந்து, வேண்டியதை மட்டும் நகலெடுத்துக்கொள்ளலாம்.

கடவுச்சொல்லை எங்கே வைப்பது

பலர் கடவுச்சொல்லை அதே கணினியில் இருக்கும் கடவுச்சொல் மேலாளரிலோ குறிப்புக் கோப்பிலோ வைத்திருக்கிறார்கள். அன்றாடம் அது வசதிதான். கணினி போன நாளில் அந்தக் குறிப்பு எங்கே இருக்கிறது? இமேஜுக்குள். இமேஜைத் திறக்க என்ன வேண்டும்? அந்தக் குறிப்பு. பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதைதான் இது. நல்ல நாளில் இது நம் கண்ணில் படாமல் போவதுதான் கொடுமை. கணினி ஓடும்வரை எல்லாம் சரியாகவே தெரியும்.

காகிதத்தில் எழுதி வையுங்கள் என்பதே என் ஆலோசனை. காகிதமா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆனால் தொலைவிலிருந்து இணையம் வழியே நுழைபவனால் உங்கள் அலமாரியைத் திறக்க முடியாது. முக்கியமான பத்திரங்களை எங்கே வைப்பீர்களோ அங்கே அந்தத் தாளும் இருக்கட்டும். வெளி ஹார்ட் டிஸ்க்கின் உறையிலேயே ஒட்டி வைக்காதீர்கள். திருடு போனால் இரண்டும் சேர்ந்து போகும். தாளில் கடவுச்சொல்லோடு மூன்று விவரங்களையும் எழுதுங்கள்: எந்தத் தேதியிலிருந்து இது பயன்பாட்டில் இருக்கிறது, எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பு, எந்த விசைப்பலகை அமைப்பு. கடவுச்சொல்லை மாற்றினால் பழைய வரியை அடிக்காமல் கீழே புதிய வரி எழுதுங்கள். கைபேசியிலும் திறக்கக்கூடிய கடவுச்சொல் மேலாளர் வைத்திருப்பவர்கள் அதில் இன்னொரு நகல் வைக்கலாம். ஆனால் அந்த மேலாளரின் தலைமைக் கடவுச்சொல் உங்கள் நினைவிலோ தாளிலோ இருக்க வேண்டும். வீட்டில் இன்னொருவருக்கும் அந்தத் தாள் இருக்கும் இடம் தெரிந்திருக்கட்டும். உங்களால் முடியாத ஒரு நாளில் குடும்பப் படங்களை மீட்க வேண்டியவர் அவர்தான்.

உண்மையிலேயே மறந்துவிட்டால்? நினைவில் பாதி இருந்தால் நம்பிக்கை உண்டு. சொற்கள் எல்லாம் தெரியும், கடைசி எண் மட்டும் தெரியாது என்றால் பொறுமையாக ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம். தவறான முயற்சிகளால் இமேஜ் கோப்பு கெடாது. முன்பு எடுத்த வேறு இமேஜ்கள் இருந்தால் அவற்றைப் பழைய கடவுச்சொற்களால் திறந்து பாருங்கள். மூல வட்டு முழுசாகச் சாகாமல் விண்டோஸ் மட்டும் கெட்டிருந்தால், அதைக் கழற்றி வேறு கணினியில் இணைத்துக் கோப்புகளை எடுத்துவிடலாம். ஒன்றுமே நினைவில் இல்லை, மூல வட்டும் இல்லை என்றால் அந்த இமேஜ் திறக்காது. கடவுச்சொல் இல்லாமலேயே திறந்து தருகிறோம் என்று பணம் கேட்பவர்களிடம் உங்கள் வட்டைக் கொடுக்காதீர்கள்.

ஒத்திகை

மாதத்துக்கு ஒருமுறை, மென்பொருளில் இமேஜைச் சரிபார்க்கும் கட்டளையை ஓட்டுங்கள். எழுதிய தரவு ஒரு பிட்கூட மாறாமல் இருக்கிறதா என்று அது பார்க்கும். அப்புறம் இமேஜை டிரைவாகத் திறந்து ஏதாவது ஒரு படத்தைப் பாருங்கள். கடவுச்சொல்லைத் தாளைப் பார்த்தே கொடுங்கள், மனப்பாடமாகக் கொடுக்காதீர்கள். தாளில் எழுதியது சரியா என்பதைத்தான் சோதிக்கிறோம். வருடத்துக்கு ஒருமுறை மீட்பு பென்டிரைவிலிருந்து தொடங்கி, கடவுச்சொல் பெட்டி வரை போய், திறக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்புங்கள். கையில் பழைய வட்டு ஒன்று சும்மா இருந்தால், உள் வட்டைக் கழற்றிவிட்டு அதில் முழுசாக மீட்டுப் பார்ப்பது எல்லாவற்றையும்விட உறுதியான சோதனை.

மீட்ட பிறகு

கணினி தொடங்கியதும் உள்நுழைவுத் திரை வரும். இங்கே இமேஜ் எடுத்த நாளில் இருந்த கடவுச்சொல்தான் செல்லும். நடுவில் மாற்றியிருந்தால் கணினிக்கு அது தெரியாது. வேறு கணினியில் மீட்டிருந்தால் பின் எண் வேலை செய்யாமல் போகலாம், அதை மறுபடி அமைத்துக்கொள்ளுங்கள். பிட்லாக்கர் பயன்படுத்தியவர்கள் உடனே அதன் நிலையைப் பார்க்க வேண்டும். விண்டோஸ் ஓடும்போது எடுத்த இமேஜில் தரவு பிட்லாக்கர் பூட்டு இல்லாமல்தான் பதிவாகியிருக்கும். புது வட்டில் எழுதும்போது பெரும்பாலும் பூட்டில்லாமலேயே வந்து இறங்கும். மறுபடி இயக்கினால் புதிய 48 இலக்கச் சாவி கிடைக்கும், அதையும் தாளில் சேருங்கள்.

இமேஜ் எடுத்த நாளுக்கும் வட்டு போன நாளுக்கும் நடுவில் செய்த வேலை அதில் இருக்காது. கிளவுடில் ஒத்திசைத்த கோப்புகள் தானாக வந்து சேரும். சேவையகத்திலேயே தங்கும் மின்னஞ்சல்களும் வரும். கணினிக்கு மட்டும் இறக்கிவைத்த அஞ்சல்கள் வராது. விண்டோஸ் புதுப்பிப்புகளை ஓட்டுங்கள், வைரஸ் தடுப்பையும் புதுப்பியுங்கள். பழைய வட்டு இன்னும் கொஞ்சம் உயிரோடு இருந்தால், புதியதோடு ஒரே நேரத்தில் உள்ளே இணைத்து வைக்காதீர்கள். இரண்டுக்கும் ஒரே அடையாள எண் இருப்பதால் விண்டோஸ் ஒன்றை ஒதுக்கி வைத்துவிடும். அதைக் கழற்றி, தேதி எழுதி, ஒரு மாதம் அலமாரியில் வையுங்கள். விடுபட்டது ஏதாவது பிறகுதான் நினைவுக்கு வரும்.

எல்லாம் சரியாக ஓடுகிறது என்று தெரிந்ததும், புது வட்டிலிருந்து ஒரு முழு இமேஜ் எடுங்கள். பழைய சங்கிலியின் தொடர்ச்சியாக வேண்டாம், தனியாக எடுங்கள். முடிந்ததும் வெளி வட்டைக் கழற்றி வைத்துவிடுங்கள். எப்போதும் செருகியே இருந்தால், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரல் ஒருநாள் வந்தால் அதையும் சேர்த்துத்தான் பூட்டும்.